எண்ணெய்க் கிணறே இல்லாத எண்ணெய் ஊரு நம்முது: வளைகுடா பசுமைத் தொழிலுக்கு மாறினா நம்ம பசங்க கதி என்ன?

பாலாற்றங்கரை (வாலாஜா) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அக்கா பையன் ஐடிஐ-ல வெல்டர் ட்ரேட் முடிச்சிட்டு ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு பேப்ரிகேஷன் ஷெட்டுல வேலை பாக்கறான். சவுதியில ஜுபைல் ரிஃபைனரிக்கு (எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை) ஆள் எடுக்கறாங்கன்னு ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து உக்காந்திருக்காரு. அக்காவுக்கு வீட்டு மேல மாடி எடுக்கணும்னு ஆசை. எனக்கு ஒரே உறுத்தல். உலகமே கரன்ட் வண்டி, சோலார், ஹைட்ரஜன்னு ஓடுது. பையனுக்கு இன்னும் முப்பது வருச உழைப்பு பாக்கி இருக்கு. இப்பப் போய் எண்ணெய்ல காலை வெச்சா பாதியில நடுத்தெருவுல நிப்பானோ?

இது அவன் ஒருத்தன் கவலை இல்ல. மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, குடியாத்தம்னு எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் வளைகுடா பணத்துல எழும்பின வீடு இருக்கு. கிணறு அங்க, அடுப்பு இங்க. அங்க தொழில் மாறினா இங்க என்ன ஆகும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. கட்சி அரசியல் வேணாம், ப்ளீஸ்.

ஜுபைல்_ரிட்டர்ன் (மேல்விஷாரம்) எழுதியது:

தம்பி, முதல்ல பயத்தை விடுங்க. எண்ணெய் நாளைக்கே நிக்கப் போறதில்ல. ஜுபைல்லயே சவுதி அரசு எண்ணெய் கம்பெனி அராம்கோவும் பிரான்ஸ் கம்பெனி டோட்டலும் சேர்ந்து 'அமிரால்'னு 1100 கோடி டாலருக்குப் பெட்ரோகெமிக்கல் காம்ப்ளெக்ஸ் கட்டறாங்க, 2023-ல கான்ட்ராக்ட் குடுத்தது. மூடப்போற கடைக்கு யாராவது புது ஷட்டர் போடுவானா? சவுதி 'கார்பன் பூஜ்யம்'னு சொல்லியிருக்கற வருசமே 2060. எமிரேட்ஸ் 2050. அதுக்குள்ள உங்க அக்கா பையன் ரிட்டயர்ட்.

ஆனா நம்மாளுங்க சோறு எங்கேருந்து வருதுன்னு ஒண்ணு புரிஞ்சுக்கணும். ரிஃபைனரி ஓடறதுல இல்ல, ரிஃபைனரி நிக்கறதுல. நாலு அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு யூனிட்டையும் நிறுத்தி, கழட்டி, கழுவி, மாத்தி, திரும்ப மூட்டுவாங்க. அதான் ஷட்டவுன். ஒரு மாசம், ஒன்றரை மாசம். ஆயிரக்கணக்குல வெல்டர், ஃபிட்டர், ரிக்கர், ஸ்கஃபோல்டிங் ஆளு இறங்கும். ராத்திரி பகல் ரெண்டு ஷிப்ட்டு, ஓவர்டைம். நம்ம ஏரியாவுல மாடி வீட்டுல பாதி ஷட்டவுன் ஓவர்டைம்ல எழுந்ததுதான்.

சோலார்ல அது கிடையாது. அபுதாபி அல் தஃப்ராவுல 2 கிகாவாட் சோலார் 2023-ல தொறந்தாங்க. கிட்டத்தட்ட 40 லட்சம் பேனல். கட்டும்போது ஆள் வேணும். கட்டி முடிச்சா? பேனல் மேல படியற மணலைத் துடைக்கறது ரோபோ. ஷட்டவுனும் இல்ல, ஓவர்டைமும் இல்ல. என்னைக் கேட்டா பயப்பட வேண்டியது இதுக்குத்தான், எண்ணெய் தீர்ந்துடும்னு இல்ல.

கெமிஸ்ட்ரி_வாத்தியார் (காட்பாடி) எழுதியது:

பாய் சொன்னது மிகச் சரியான இடம். ஆனால் வளைகுடாவின் பசுமைத் தொழில் என்றால் சோலார் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்குப் பெரிய கணக்கு எஃகு, அலுமினியம், உரம். மூன்றுமே இன்று இயற்கை எரிவாயுவைத் தின்று வளர்பவை.

ஹைட்ரஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று உலகில் பெரும்பகுதி ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்துப் பிரித்து எடுப்பதுதான். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது, பத்து கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதையே தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுத்தால் புகை இல்லை, ஆனால் ஒரு கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் வீட்டில் மாதக் கணக்கில் எரிக்கும் கரன்ட்டில் இரண்டு, மூன்று கிலோ வரும், அவ்வளவுதான். வெயிலும் காற்றும் மலிவாகக் கிடைக்கும் பாலைவனத்தில் மட்டும்தான் இந்தக் கணக்கு கொஞ்சமாவது உதைக்காமல் நிற்கும். சவுதி புதிதாகக் கட்டும் நியோம் நகரப் பகுதியில் 840 கோடி டாலரில் 4 கிகாவாட் சோலார், காற்றாலை வைத்து நாளொன்றுக்கு 600 டன் ஹைட்ரஜன் எடுக்கத் திட்டம். அதை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது, அம்மோனியாவாக்கித்தான் அனுப்புவார்கள்.

எஃகில் இன்னும் சுவாரசியம். நம் நாட்டில் பெரும்பாலும் நிலக்கரி. வளைகுடாவில் இரும்புத் தாதுவை எரிவாயுவால் ஒடுக்குகிறார்கள், அதாவது தாதுவில் உள்ள ஆக்சிஜனை நீக்கி இரும்பாக்குகிறார்கள். ஓமன் சோஹாரில் ஜிண்டால் ஆலை அப்படித்தான் ஓடுகிறது. எரிவாயுவுக்குப் பதில் படிப்படியாக ஹைட்ரஜனைக் கலக்கலாம். உலையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. ஆகவே எரிவாயு நாடுகளுக்கு இந்த மாற்றம் நிலக்கரி நாடுகளைவிட ஒரு படி எளிது.

ஏரிக்கரை (வாணியம்பாடி) எழுதியது:

வாத்தியாரே, நியோம்னு எழுதும்போது அங்க கட்டறேன்னு சொன்ன 'தி லைன்'ங்கற நேர்க்கோட்டு ஊரு கதையையும் சேர்த்து எழுதுங்க. வீடியோவுல கண்ணாடிச் சுவரு, நெசத்துல மணல் குழி. இவனுங்க பசுமையும் அதே ரகம்தான். வீட்டுல எரிக்கற எண்ணெயை மிச்சம் பிடிச்சு வெளியூருக்கு விக்கறதுக்கு சோலார் போடறான். அதுக்குப் பேரு பசுமை.

கெமிஸ்ட்ரி_வாத்தியார் எழுதியது:

கடைசி வரியை மறுக்க மாட்டேன். சவுதியில் கோடையில் ஏசி ஓட கச்சா எண்ணெயையே எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். சோலார் வந்தால் அந்த எண்ணெய் ஏற்றுமதிக்குப் போகும். ஆனால் எதற்காகப் போட்டாலும் பேனல் பேனல்தானே. நியோம் ஊரும் நியோம் ஹைட்ரஜன் ஆலையும் வேறு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

சிப்காட்_ஷெட் (ராணிப்பேட்டை) எழுதியது:

ஐரோப்பா வரியைப் பத்தி யாரும் சொல்லலையே. 2023 அக்டோபர்ல இருந்து கணக்கு மட்டும் கேட்டுட்டிருந்தான். 2026 ஜனவரி முதல் காசே. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம், இதெல்லாம் ஐரோப்பாவுக்குள்ள போகணும்னா செய்யும்போது எவ்வளவு கார்பன் விட்டேன்னு சொல்லி அதுக்குக் கட்டணும். வளைகுடாக்காரன் அலுமினியத்துக்கு சோலார் கரன்ட் போடறதெல்லாம் சும்மா இல்ல, துபாய்ல 2021-லயே சோலார் அலுமினியம்னு தனிப் பேரு வெச்சு விக்க ஆரம்பிச்சான்.

இது எனக்கே வந்துடுச்சு. நான் டக்ட், ஸ்ட்ரக்சர் பண்றவன். வெளிநாட்டுக்கு அனுப்பற ஒரு பார்ட்டி எக்செல் ஷீட் ஒண்ணு அனுப்பிச்சாரு. எந்த மில்லு பிளேட்டு, எந்த ஹீட் நம்பர் (எந்த உருக்குல வந்ததுன்ற எண்), ஒரு டன்னுக்கு எத்தனை கார்பன், என் ஷெட்டு கரன்ட் பில்லு எவ்வளவு. நான் பிளேட் வாங்கறது சென்னை ஸ்டாக்கிஸ்ட் கிட்ட. அவர்கிட்ட போய் கார்பன் கேட்டா, "பில்லு வேணுமா, கார்பன் காப்பி வேணுமா"ன்னு கேக்கறாரு.

ஆம்பூர் ஆளுங்க நிம்மதியா இருங்க, அந்த லிஸ்டுல தோல் இல்ல.

ஆம்பூர்க்காரி எழுதியது:

தோல் இல்லைன்னு நிம்மதி சொல்றீங்க சார். எங்களுக்கு இந்தப் பசுமைப் பாடம் முப்பது வருசம் முன்னாடியே நடத்தி முடிச்சாச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சட்டம் படிக்கற பசங்க இன்னிக்கும் மனப்பாடம் பண்றது: மாசு பண்ணவன்தான் காசு கட்டணும். பாலாற்றுப் படுகையில ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் முழுசாவோ பாதியாவோ விவசாயத்துக்கு ஆகாமப் போச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம்.

தீர்ப்பு நல்ல தீர்ப்பு, சந்தேகமே இல்ல. ஆனா பொது சுத்திகரிப்பு நிலையத்துல சேர முடியாத சின்ன ஷாப்புங்க பூட்டினப்ப உள்ள கால் வெச்சு தோல் மிதிச்சுக்கிட்டிருந்த ஆளுங்களை யாரும் கணக்குல எடுத்துக்கல. அவங்க செட்டில்மென்ட் எங்க, அவங்களுக்கு வேற வேலை கத்துக்குடுத்தது யாரு? சுத்தம் பண்ற தொழிலும் தொழிலாளிக்கு சுத்தமா இருக்கும்னு நினைக்காதீங்க. 2015 ஜனவரி 31 ராத்திரி ராணிப்பேட்டை சிப்காட்ல சுத்திகரிப்பு நிலையத்தோட சகதித் தொட்டிச் சுவரு உடைஞ்சு, பக்கத்துல தூங்கிட்டிருந்த பத்து பேர் போனாங்க. பெரும்பாலும் வங்காளத்துல இருந்து பொழைக்க வந்த பசங்க. மாசு தடுக்கற இடத்துலதான் அது நடந்தது.

அதனாலதான் கேக்கறேன். ஜுபைல் மாறும், நியோம் மாறும், சரி. அங்க இருக்கற நம்ம ஆளை என்ன பண்ணுவான்? உள்ளூர்க்காரனுக்கு மறுபயிற்சி, நம்மாளுக்கு டிக்கெட்.

ஜுபைல்_ரிட்டர்ன் எழுதியது:

> உள்ளூர்க்காரனுக்கு மறுபயிற்சி, நம்மாளுக்கு டிக்கெட்.

அக்கா, இதுக்கு மேல நான் என்னத்த சொல்ல. 2011-ல சவுதியில நிதாகத், அதான் கம்பெனிக்கு இத்தனை உள்ளூர்க்காரன் இருக்கணும்ன்ற விதி, கொண்டு வந்தப்பவே அந்த ருசி பார்த்துட்டோம். 2014-ல எண்ணெய் விலை சரிஞ்சு ரெண்டு வருசத்துல எத்தனை கம்பெனி கேம்ப்ல சம்பளம் இல்லாம உக்காந்தாங்க. எங்க கேம்ப்லயும் மாசக்கணக்குல வரல. காரு துடைச்சுப் பொழைச்சவங்களை எனக்குத் தெரியும். பாதி பேரு பாக்கியை விட்டுட்டுத்தான் ஊர் வந்து சேந்தாங்க.

ஸ்டாவேங்கர்_குடியாத்தம் எழுதியது:

நார்வேல எண்ணெய் கம்பெனி ஊர்லயே இருக்கறதால என் பங்குக்கு ரெண்டு வார்த்தை. அதே 2014 சரிவுல இந்த ஊர்லயும் எஞ்சினியருங்க கூட்டம் கூட்டமா வேலை இழந்தாங்க. ஆனா யாரும் பட்டினி கிடக்கல. காரணம் தொழில்நுட்பம் இல்ல, கல்லாப்பெட்டி.

இங்க எண்ணெய் கம்பெனி லாபத்துக்கு மொத்த வரி 78 சதவீதம். 1990-ல சட்டம் போட்டு, 1996-ல முதல் காசைப் போட்டு ஆரம்பிச்ச நிதி இப்ப ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிக்குது. கிணறு பொங்கும்போதே எடுத்து வெச்ச காசு. வேலை போனா ரெண்டு வருசம் வரைக்கும் உதவித்தொகை, மறுபடி படிக்க வழி.

அதுக்காக நார்வேயைக் கோயில் கட்டிக் கும்பிட வேணாம். கடல்ல இருக்கற எண்ணெய் மேடைக்கு கரையில இருந்து நீர்மின்சாரம் கேபிள்ல இழுத்துக் குடுத்து "எங்க எண்ணெய் சுத்தமான எண்ணெய்"னு சொல்றான். எடுத்த எண்ணெயை வாங்கறவன் எரிச்சா புகை வராதாமா! இங்க ஜனங்களே கடுப்புல இருக்காங்க, கரன்ட் பில்லு ஏறுதுன்னு. புதுக் கிணறும் இன்னும் தோண்டறான்.

டென்மார்க் எஸ்பியர் துறைமுகம் வேற ரகம். வடகடல் எண்ணெய்க்கு சாமான் ஏத்தின அதே மேடையில இன்னிக்கு காற்றாலை இறக்கை ஏத்தறாங்க. அதே கிரேன் ஆபரேட்டர், அதே கப்பல்காரன். ஓர்ஸ்டெட் கம்பெனி பழைய பேரே டேனிஷ் எண்ணெய் எரிவாயு கம்பெனிதான்.

ஸ்காட்லாந்து கதைதான் வயிறு எரியும். கிரேஞ்ச்மவுத் ரிஃபைனரி 1924-ல ஆரம்பிச்சது, 2025 ஏப்ரல்ல கச்சா எண்ணெய் காய்ச்சறதை நிறுத்திட்டான். சுமார் 400 வேலை காலி. அந்த இடத்துல என்னென்ன பசுமைத் தொழில் வரலாம்னு ஒன்பது யோசனையோட ஒரு அறிக்கை 2025 மார்ச்ல வந்துச்சு. மார்ச்ல அறிக்கை, ஏப்ரல்ல பூட்டு! பத்து வருசம் முன்னாடி வந்திருக்க வேண்டிய அறிக்கை. கடல் மேடையில வேலை பார்த்தவன் காற்றாலைக்குப் போகணும்னா அதே பாதுகாப்புப் பயிற்சியைக் கைக்காசு போட்டு திரும்பப் படிக்கணும்னு பல வருசமா சண்டை. எண்ணெய், காற்றாலை ரெண்டு பக்கமும் செல்லற திறன் பாஸ்போர்ட்டு 2025 ஜனவரிலதான் வந்தது.

பாலாற்றங்கரை எழுதியது:

எழுதறவங்க எல்லாருக்கும் நன்றி. அப்போ நார்வேக்கும் ராணிப்பேட்டைக்கும் வித்தியாசம் ஓடற காலத்துலயே காசு எடுத்து வெச்சதுல இருக்குன்னு எடுத்துக்கலாமா?

சிப்காட்_ஷெட் எழுதியது:

எடுத்துக்கலாமாவா? எங்க ஷெட்டுல இருந்து வண்டி எடுத்தா சீக்கிரமே பூட்டிக் கிடக்கற அந்தக் குரோமேட் கம்பெனி (தோல் பதனிடற குரோமிய ரசாயனம் செஞ்ச இடம்) வாசல். 1995-ல மூடிட்டுப் போனான். உள்ள ரெண்டு லட்சம் டன்னுக்கு மேல குரோமியக் கழிவு. மழை பெய்ஞ்சா மஞ்சத் தண்ணி. முப்பது வருசமா ஆய்வு மேல ஆய்வு. லாபம் எடுத்தவன் எடுத்துட்டான், குப்பை நம்ம தலையில.

கனடா ஆல்பர்ட்டாவுலயும் இதே பஞ்சாயத்துதான். கம்பெனி திவாலாகி விட்டுட்டுப் போன எண்ணெய்க் கிணறுங்களுக்கு 'அனாதைக் கிணறு'ன்னே பேரு. 2020-ல அந்த நாட்டு மத்திய அரசு ஆல்பர்ட்டாவோட சேர்த்து மூணு மாகாணத்துக்கு 170 கோடி கனடா டாலர் தூக்கிக் குடுத்துச்சு, கிணத்தை அடைக்க. அதாவது ஜனங்க வரிப்பணம்.

மாசு பண்ணவன் காசு கட்டணும்னு தீர்ப்பு வாங்கின ஜில்லாவுக்கே இந்த நிலை. 2025 ஜனவரி 30 உச்ச நீதிமன்றம் பாலாறு விவகாரத்துல மறுபடி தீர்ப்பு சொல்ல வேண்டி வந்துச்சே: முதல்ல அரசு நஷ்டஈடு குடு, அப்புறம் மாசு பண்ணவன் கிட்ட வசூல் பண்ணுன்னு. பூட்டினவன் கிட்ட எப்படி வசூல் பண்ணுவ? ஓடும்போதே டெபாசிட் வாங்கியிருக்கணும்.

ஏரிக்கரை எழுதியது:

ஷெட்டுக்காரரே கரெக்ட்டு. எங்க கெணத்துத் தண்ணில இன்னும் தென்னை நிக்க மாட்டேங்குது. கவர்மென்ட்டு, கோர்ட்டு, கமிட்டி எல்லாம் வந்துட்டுப் போயாச்சி. தண்ணிதான் வர்ல. பசுமை பசுமைன்றானுங்களே, எந்த ஊருக்குப் பசுமை?

பெல்_பென்ஷன் (முகுந்தராயபுரம்) எழுதியது:

நிலக்கரிப் பக்கத்துல இருந்து ஒரு தகவல். நம்ம ராணிப்பேட்டை பெல் ஆலை அனல்மின் நிலையத்துக்குச் சாம்பல் பிடிக்கற மின் வடிகட்டி, ஃபேன், ஏர் ப்ரீஹீட்டர் செய்யற இடம். நிலக்கரி ஆர்டர் சுருங்கின வருசங்கள்ல பெல்லுக்குள்ள இருந்தவனுக்கு சம்பளம் நிக்கல. வெளியில அதை நம்பி இருந்த சின்ன ஷெட்டுங்கதான் வரிசையா இழுத்து மூடிச்சு. பெரிய கம்பெனி மாறுது, மாறலைன்றது செய்தியில வரும். துணைத்தொழில் சாவறது எந்தப் பேப்பர்லயும் வராது. வளைகுடாவுக்கு நம்ம ஜில்லாவே ஒரு துணைத்தொழில் மாதிரிதான்.

ஊருக்குள்ள பசுமை வேலையே இல்லையான்னா இருக்கு. ராணிப்பேட்டைல 2021-ல இருந்து ஆம்பியர் கரன்ட் ஸ்கூட்டர் ஆலை ஓடுது. பனப்பாக்கத்துல 9000 கோடிக்கு டாடா கார் ஆலைக்கு 2024 செப்டம்பர்ல அடிக்கல் போட்டாங்க. ஆனா கார் ஆலையில வெல்டிங் அடிக்கறது ரோபோ. ரோபோவைப் பாத்துக்கத் தெரிஞ்சவனுக்கு வேலை. அரசு 71 ஐடிஐ-ல டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து புது மெஷின் போட்டுக் குடுத்திருக்கு. உங்க பையன் அங்க குறுகிய கால கோர்ஸ் கிடைக்குமான்னு விசாரிக்கட்டும்.

ஜுபைல்_ரிட்டர்ன் எழுதியது:

ஐயா சொல்றது சரி, ஆனா உள்ளூர் ஆலைல ஆரம்பச் சம்பளத்துக்கும் வளைகுடா சம்பளத்துக்கும் இருக்கற இடைவெளி அவங்க அக்காவுக்கு நல்லாத் தெரியும். பையன் போகத்தான் போறான். போறவன் எப்படிப் போகணும்னு சொல்றேன்.

கார்பன் ஸ்டீல் ஆர்க் வெல்டிங் மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போனா எண்ணெய் இருக்கற வரைக்கும் எண்ணெய்க்கு மட்டும்தான் லாயக்கு. ஆர்கான் வாயு விட்டு அடிக்கற டிக் வெல்டிங் கத்துக்கிட்டு, எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்புல 6ஜி டெஸ்ட் பாஸ் பண்ணணும். பைப்பு 45 டிகிரி சாய்ஞ்சு நிக்கும், திருப்ப முடியாது, நீதான் சுத்திச் சுத்தி வரணும். அடியில போடற முதல் சுத்து ரூட் பாஸ்ல ஆர்கான் உள்பக்கம் சரியா நிக்கலேன்னா உள்ள கருகி சக்கரை பூத்துடும், எக்ஸ்ரேல பல்லை இளிக்கும். ஹைட்ரஜன் லைன்ல இதுதான் உயிர். அணு அவ்வளவு சின்னது, பொடி ஓட்டை போதும், ஸ்டீலுக்குள்ளயே பூந்து உடைய வைக்கும். இதெல்லாம் புதுசு இல்ல தம்பி. ரிஃபைனரில கனமான எண்ணெயை ஹைட்ரஜன் வெச்சு உடைக்கற ஹைட்ரோகிராக்கர் யூனிட்டுல, குரோம்-மோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) பைப்புல ஹைட்ரஜன் ஓடிக்கிட்டேதான் இருக்கு. சூடு காட்டாம வெல்டிங் வெச்சா சூப்பர்வைசர் விரட்டுவாரு, 7018 வெல்டிங் ராடை ஓவன்ல இருந்து எடுத்து சும்மா கையில வெச்சிருந்தா பிடுங்கித் தூக்கிப் போடுவாரு. ஈரம் ஏறினா அதுவே ஹைட்ரஜன், அதுவே விரிசல். அந்த யூனிட்டுல கை பழகினவனை நியோம்காரனும் எடுப்பான், அம்மோனியா பிளான்ட்டும் எடுக்கும், நாளைக்குத் தூத்துக்குடில ஹைட்ரஜன் ஆலை வந்தாலும் எடுப்பான்.

அப்புறம் ஏஜென்ட் விவகாரம். பேரு மத்திய அரசோட இமைக்ரேட் (eMigrate) தளத்துல பதிவாகியிருக்கான்னு பாருங்க. சட்டப்படி 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சத்துல கேட்டா வாசலைக் காட்டுங்க. சவுதி விசாவுக்கு வெல்டருக்கு தகாமுல் திறன் தேர்வு உண்டு, அது பாஸ் ஆகணும். பத்தாவது பாஸ்னா பாஸ்போர்ட்டுல குடியேற்ற அனுமதி தேவையில்லைன்னு வரும், நல்லதுதான், ஆனா அந்த அனுமதியோட கட்டாயமா வர்ற 10 லட்ச ரூபா இன்சூரன்ஸ் தானா வராது. கேட்டு எடுத்துக்கணும்.

ஆம்பூர்க்காரி எழுதியது:

பாய் சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க: சம்பளம் வர்ற முதல் மாசத்துல இருந்தே அவன் பேர்ல ஒரு தனிக் கணக்கு. மாடி எழுப்பறதுக்கு இல்ல, கல்யாணத்துக்கும் இல்ல. வேலை போனா ஒரு வருசம் உக்காந்து வேற படிக்கறதுக்கு. நார்வே பண்ணதை சவுதி நமக்குப் பண்ணாது, சென்னையும் டெல்லியும் பண்ணல. வீட்டுலயாவது பண்ணுங்க.

ஏரிக்கரை எழுதியது:

அக்கா, 78 சதவீத வரி அக்கா மேல போடச் சொல்றீங்களா? மாடி வீடு கேக்கறவங்க கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க.

பாலாற்றங்கரை எழுதியது:

சொல்லிப் பார்த்துட்டேன். சண்டை நடந்து, மாசம் ஒரு பங்கு தனியாப் போடறதுன்னு ஒத்துக்கிட்டாங்க. எவ்வளவுன்றது இன்னும் பேச்சுல இருக்கு. ஏஜென்ட் பேரு இமைக்ரேட்ல இல்ல. கேட்டதுக்கு "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி"ன்னாரு, டீயைக் குடிச்சிட்டுப் போங்கன்னு அனுப்பிட்டோம். பையன் தகாமுல் தேர்வுக்குப் பேர் குடுக்கறான். அவன் இருக்கற ஷெட்டுல டிக் மெஷின் இல்ல. 6ஜி பழக வாலாஜா, ராணிப்பேட்டை பக்கம் எங்க போகலாம்?

சிப்காட்_ஷெட் எழுதியது:

ஞாயித்துக்கிழமை நம்ம ஷெட்டுக்கு அனுப்புங்க. மெஷின் சும்மாதான் கிடக்கும், நம்ம ஃபோர்மேன் சொல்லிக் குடுப்பாரு. ஆர்கான் சிலிண்டர் காசும் எஸ்எஸ் பைப்புத் துண்டும் அவனுது. ரெண்டு இன்ச்சு, ஷெட்யூல் 40 (பைப்புச் சுவர் கனத்தோட அளவு) வாங்கிட்டு வரச் சொல்லுங்க, ஸ்க்ராப் கடைல எடை போட்டுத் தருவான்.